கிழிந்த தசை, அறுந்த தசைநாண்: மருந்தை எங்கே விடுவது, எப்போது விடுவது?

காயம்பட்ட தசையிலும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணிலும் நோயெதிர்ப்புச் செல்களின் போக்கை மாற்றும் மருந்தை, காயத்திலேயே வைத்து மெல்ல மெல்லக் கசியவிடும் சிகிச்சை முறை குறித்து கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களிடம் கேட்டிருந்தோம். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

கேள்வி: ஓடும்போது தொடையின் பின்தசை கிழிந்துவிட்டது. அழற்சியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டால் வீக்கம் வற்றிச் சீக்கிரம் ஆறும் என்கிறார் பயிற்சியாளர். அழற்சி இருந்தால்தான் ஆறும், மாத்திரையைத் தொடாதே என்கிறார் பிசியோதெரபிஸ்ட். யார் சொல்வது சரி?

பிசியோதெரபிஸ்ட் பக்கம்தான் நியாயம் அதிகம். ஆனால் அவரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்.

தசை கிழிந்த சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. ஒன்றிரண்டு நாளில் மேக்ரோஃபேஜ்கள், அதாவது பெருவிழுங்கிகள், பெருமளவில் இறங்குகின்றன. செத்த தசை நார்களை விழுங்கித் துப்புரவு செய்வது இவை. துப்புரவோடு நிற்பதில்லை. தசை நாரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உறங்கும் சேட்டிலைட் செல்களை எழுப்பிப் பெருக வைப்பதும் இவைதான். 1961இல் அலெக்சாண்டர் மௌரோ கண்டறிந்த இந்தச் செல்கள்தான் புதிய தசைக்கு விதை. எலிகளில் மேக்ரோஃபேஜ்களை மருந்து கொடுத்து அழித்துவிட்டுத் தசையைக் காயப்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். செத்த நார்கள் அகலாமல் கிடக்கின்றன, புதிய நார்கள் சிறுத்து முளைக்கின்றன, இடைவெளியில் கொழுப்பும் தழும்பும் குடியேறுகின்றன.

நீங்கள் சொல்லும் அழற்சி மாத்திரைகள் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியைத் தடுப்பவை. அந்த நொதி உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் இ2 நேரடியாகவே சேட்டிலைட் செல்களைப் பெருக்குகிறது என்று 2017இல் எலிகளில் காட்டப்பட்டது. ஆகவே முதல் சில நாள் வலிக்குப் பாரசிட்டமால் போதுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வலி தாங்க முடியாமல் ஓரிரு நாள் அழற்சி மாத்திரை சாப்பிட்டால் தசையே ஆறாமல் போய்விடாது. வாரக்கணக்கில் விழுங்குவதும், வலி தெரியாத தைரியத்தில் ஐந்தாம் நாளே ஓடப் போவதும்தான் கெடுதல். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், பின்னதைத்தான் சொல்வோம்.

கேள்வி: அழற்சி நல்லதென்றால், அதைக் கட்டுப்படுத்த மருந்து எதற்கு? எம்1 கெட்டது, எம்2 நல்லது என்று படித்தேன். உடனே எம்2 ஆக்கிவிட்டால் வேலை முடிந்ததல்லவா?

இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், ஆராய்ச்சியாளர்கள் உட்பட.

முதலில் பெயர் விஷயம். எம்1 (அழற்சியைத் தூண்டும் போக்கு), எம்2 (ஆற்றும் போக்கு) என்பவை ஆய்வகத் தட்டில் வளர்த்த மேக்ரோஃபேஜ் செல்களுக்கு வைத்த பெயர்கள். உடம்புக்குள் இருக்கும் மேக்ரோஃபேஜ் இந்த இரண்டு பெட்டிக்குள் அடங்காது, ஒரே செல்லில் இரண்டின் அடையாளமும் தெரியும். பேச வசதியாக இருப்பதால் நாமும் அவற்றையே வைத்துக்கொள்வோம்.

எலித் தசையில் முதல் இரண்டு நாள் எம்1 போக்கு. டிஎன்எஃப், இன்டர்லூகின்-1பீட்டா போன்ற புரதங்களைச் சுரந்து துப்புரவும் பெருக்கமும் நடக்கும். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் அதே செல்களில் பெரும்பகுதி எம்2 போக்குக்கு மாறும். வேறு செல்கள் புதிதாக வந்து இடம் பிடிப்பதில்லை, வந்தவையே குணம் மாறுகின்றன என்று 2007இல் தெரியவந்தது. மாறியபின் ஐஜிஎஃப்-1, இன்டர்லூகின்-10, டிஜிஎஃப்-பீட்டா சுரக்கும். பெருகிய செல்கள் ஒன்றோடொன்று இணைந்து நாராகும். இடிக்கிறவன் இறங்கும் முன்பே கொத்தனாரை ஏற்றினால் கட்டடம் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும்.

அது எப்படிக் கெடுகிறது என்பதற்குத் தெளிவான காரணம் ஒன்று உண்டு. தசைக்குள் தழும்புத் திசுவாகவும் கொழுப்பாகவும் மாறக்கூடிய முன்னோடிச் செல்கள் இருக்கின்றன. சுருக்கமாக எஃப்ஏபி என்பார்கள். காயத்தின்போது இவை வேகமாகப் பெருகி, சேட்டிலைட் செல்களுக்குக் கொஞ்ச காலம் துணை நிற்கும். பிறகு இவை சாக வேண்டும். சாகடிப்பது எம்1 மேக்ரோஃபேஜ் சுரக்கும் டிஎன்எஃப். சாகாமல் காப்பாற்றுவது டிஜிஎஃப்-பீட்டா. டிஎன்எஃப் தன் வேலையை முடிக்கும் முன் டிஜிஎஃப்-பீட்டா மிகுந்தால் எஃப்ஏபி செல்கள் பிழைத்து, தசைக்குள் தழும்பு பரப்பிவிடும். 2015இல் வெளியான எலி ஆய்வு இதைக் காட்டியது.

ஆக, முதல் நாளே எம்2 ஆக்கினால் தழும்பு. அதற்கு மாறாக, எம்1 வாரக்கணக்கில் நீடித்தாலும் புதிய நார் முளைக்காது. மருந்து தேவைப்படுவது இந்த இரண்டாவது நிலையில்: பெரிய காயம், திரும்பத் திரும்பக் காயம், சர்க்கரை நோய், முதுமை. மாத்திரையாகவோ நரம்பு ஊசியாகவோ கொடுத்தால் உடம்பு முழுக்கப் பரவும், நாளையும் குறிவைக்க முடியாது. காயத்திலேயே வைத்துக் கசியவிடுவது அதற்காகத்தான்.

எலியின் நான்காம் நாளை மனிதனின் நான்காம் நாளாகக் கொள்ளாதீர்கள். நமக்கு எல்லாமே மெதுவாக நடக்கும்.

கேள்வி: முழங்கை வெளிப்புற வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டேன். இரண்டு மாதம் சொர்க்கம், பிறகு முன்பைவிட மோசம். இப்போது தசைநாணுக்கு ஸ்டீராய்டு கலந்த ஜெல் வருகிறது என்கிறார்கள். அதே ஸ்டீராய்டுதானே?

உங்களுக்கு நடந்தது விதிவிலக்கல்ல. 165 பேரை வைத்து நடந்து 2013இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வில், டென்னிஸ் எல்போவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் வலி திரும்பியது. மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களில் 12 சதவீதம்தான். முதல் சில வாரம் நன்றாக இருக்கும் என்பதும் உண்மைதான். ஏமாற்றுவதும் அதுவே.

காரணங்கள் இரண்டு. மூட்டுகளுக்கும் நாண்களுக்கும் பழக்கமான டிரையம்சினலோன் மருந்து நுண்ணிய படிகங்களாக, மில்லிலிட்டருக்கு 10 அல்லது 40 மில்லிகிராம் என்ற செறிவில் வரும். ஊசி இறங்கிய இடத்தில் அதன் அளவு முதல் நாள்களில் மிக அதிகம். தசைநாண் செல்களான டெனோசைட்டுகள் அந்த அளவில் பெருகுவதை நிறுத்தும், கொலாஜன் தயாரிப்பதைக் குறைக்கும், சில செத்தும் போகும். இரண்டாவது, வலி போனதும் கை பழைய பாரத்தைத் தூக்கும். வலுக்குறைந்த நாண் மீது கூடுதல் பாரம். குதிகால் நாண், முழங்காற்சில்லு நாண் ஆகியவற்றுக்குள் ஸ்டீராய்டு செலுத்த மருத்துவர்கள் தயங்குவது அறுந்துவிடும் என்ற அச்சத்தால்தான்.

ஜெல்லில் என்ன வேறுபாடு? 2022இல் நேச்சர் பயோமெடிக்கல் என்ஜினீயரிங் இதழில் ஹார்வர்டு குழு ஒன்று வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். மெல்லிய பட்டை போன்ற ஹைட்ரோஜெல், அதாவது நீர் நிறைந்த ஜெல். ஒரு முகத்தில் கைட்டோசான் என்ற ஒட்டும் பொருள், அது நாணோடு இறுக ஒட்டும். மறுமுகம் வழுவழுப்பானது, சுற்றியுள்ள திசுவோடு ஒட்டாமல் நாண் வழுக்கி நகர இடம் கொடுக்கும். நடுவில் உள்ள உறுதியான ஜெல்தான் மருந்துக் கிடங்கு. எலியின் முழங்காற்சில்லு நாண் காயத்தில் இதை வைத்தபோது டிரையம்சினலோன் மெல்லக் கசிந்து அழற்சி குறைந்தது, மேக்ரோஃபேஜ்கள் எம்2 பக்கம் சாய்ந்தன, நாணின் முன்னோடிச் செல்கள் காயத்துக்கு வந்தன.

அதே மருந்துதான். நாணுக்குள் குத்தாமல் மேலே வைப்பது, முதல் நாளிலேயே கொட்டாமல் சொட்டுச் சொட்டாக விடுவது, இந்த இரண்டும் சேர்ந்து விளைவை மாற்றுகின்றன. ஆனால் இது எலி. உங்கள் முழங்கை வலியோ காயத்தால் வந்ததல்ல, நாட்பட்ட தேய்மானம். அறுவை செய்து திறந்து பட்டை ஒட்டுமளவுக்கு அது போவதும் அரிது. உங்களுக்கு இன்றைக்குப் பயன்படுவது பாரத்தைக் குறைத்து, பிறகு படிப்படியாக ஏற்றும் பயிற்சிதான்.

கேள்வி: உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கிறேன். மேக்ரோஃபேஜ்களை எம்2 பக்கம் திருப்பும் இன்டர்லூகின்-4 புரதத்தை, உடம்பில் தானே சிதையும் பாலிமரான பிஎல்ஜிஏவின் நுண்துகள்களில் அடைத்துத் தசைக்குள் செலுத்துவது எங்கள் திட்டம். முதல் நாளிலேயே பாதி மருந்து வெளியேறிவிடுகிறது. எங்கே தவறு?

முதலில் முறையைச் சரிபார்ப்போம். சிறிய அளவில் செய்யும்போது வழக்கமான இரட்டைக் குழம்பு முறை இப்படி இருக்கும்: 100 மில்லிகிராம் பிஎல்ஜிஏவை 1 முதல் 2 மில்லிலிட்டர் டைகுளோரோமீத்தேனில் கரைக்க வேண்டும். புரதம் 100 மைக்ரோலிட்டர் தாங்கற்கரைசலில் இருக்கும். இதை அதில் விட்டு, பனிக்கட்டி மேல் வைத்துச் சில நொடிகள் மீயொலி கொடுத்தால் முதல் குழம்பு. அதை ஒரு சதவீத பாலிவினைல் ஆல்கஹால் கரைசலில் ஊற்றி வேகமாகக் கலக்கினால் இரண்டாவது குழம்பு. கலக்கும் வேகம்தான் துகளின் அளவைத் தீர்மானிக்கும். பிறகு பெரிய கொள்ளளவில் மூன்று மணி நேரமாவது மெதுவாகக் கலக்கிக் கரைப்பானை ஆவியாக்கி, மூன்று முறை கழுவி, டிரெஹலோஸ் சேர்த்து உறைநிலை உலர்த்தல்.

முதல் நாள் கொட்டுவதற்குப் பொதுவான காரணங்கள்: துகள் மிகச் சிறியதாக இருந்தால் பரப்பு கூடி, மேற்பரப்பருகே இருக்கும் மருந்தின் பங்கும் கூடும். உள் நீரும் வெளி நீரும் உப்புச் செறிவில் ஒத்துப்போகாவிட்டால், துகள் கெட்டியாகும் முன் சவ்வூடு பரவல் அதைத் துளைத்துவிடும். வெளிக் கரைசலில் உப்போ சர்க்கரையோ சேர்த்துச் சமப்படுத்திப் பாருங்கள், பல சமயம் இதுவே போதும். கழுவுவதில் சோம்பல் பட்டாலும் மேலே ஒட்டிய புரதமெல்லாம் முதல் நாள் கணக்கில் வந்துவிடும்.

உங்கள் மருந்துக்கு இந்த முதல் நாள் கொட்டல் வீண் மட்டுமல்ல, கெடுதலும்கூட. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மில்லிகிராம் துகள், மில்லிகிராமுக்கு 1 மைக்ரோகிராம் மருந்து. மொத்தம் 10 மைக்ரோகிராம். முதல் நாள் பாதி போனால் 5. மீதி 5 மைக்ரோகிராம் இரண்டு வாரத்துக்கு என்றால் நாளுக்கு 0.36தான். எம்1 வேலை பார்க்க வேண்டிய நாளில் பதினான்கு மடங்கு எம்2 சமிக்ஞை, தேவைப்படும் நாளில் துளி. இரண்டாவது கேள்வியில் சொன்ன தழும்புக்கு இது நேரான வழி. கொட்டலை முழுக்க ஒழிக்க முடியாவிட்டால், காயமான அன்றே செலுத்தாமல் இரண்டு மூன்று நாள் கழித்துச் செலுத்துங்கள். துகள்களை ஜெல்லுக்குள் புதைத்தாலும் கொட்டல் தணியும். வெறும் ஆல்ஜினேட் ஜெல் மட்டும் போதாது. அதன் வலைக்கண்கள் வழியாகச் சிறு மூலக்கூறுகள் சில மணி நேரத்தில் ஓடிவிடும். ஹெப்பரின் பிணைத்த ஜெல் என்றால் புரதத்தை மின்னேற்றத்தால் பிடித்து நிறுத்தும்.

துகளின் அளவில் இன்னொரு கண்ணி. 1 முதல் 3 மைக்ரோமீட்டர் துகளை மேக்ரோஃபேஜ் ஆசையாக விழுங்கும். செல்லுக்குள் நுழைந்து வேலை செய்யும் ஸ்டீராய்டுக்கு அது வரம். இன்டர்லூகின்-4க்கோ சாபம், அதன் ஏற்பி செல்லின் வெளிப்பரப்பில் இருக்கிறது. எனவே 20 முதல் 60 மைக்ரோமீட்டர் வரை போங்கள். 25 கேஜ் ஊசியின் உள்விட்டம் 260 மைக்ரோமீட்டர்தான் என்பதையும் மறக்காதீர்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் ஊசி அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது, புரதம் உயிரோடுதான் வெளியே வருகிறதா? நீரும் டைகுளோரோமீத்தேனும் சந்திக்கும் விளிம்பில் புரதம் சுருண்டு கெடும். ஆல்புமின் சேர்த்தால் விளிம்பை அது பிடித்துக்கொண்டு உங்கள் புரதத்தைக் காக்கும். பிஎல்ஜிஏ சிதையும்போது லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் உள்ளே தேங்கி அமிலத்தன்மை ஏறும். சிறிது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு அதைத் தணிக்கும். எலைசா சோதனை புரதம் இருக்கிறது என்று சொல்லும், வேலை செய்கிறது என்று சொல்லாது. கசிவுத் திரவத்தை 37 டிகிரியில் நாள்வாரியாக எடுத்து, மேக்ரோஃபேஜ்கள் மேல் விட்டுப் பாருங்கள். எலிச் செல்லில் எம்2 அடையாளமான ஆர்ஜினேஸ்-1 ஏறும். மனிதச் செல்லில் அது ஏறாது! அங்கே சிடி206 போன்றவற்றைப் பாருங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் மருந்து செத்துவிட்டது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

கடைசியாக, எண்டோடாக்சின். பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் இந்தப் பொருள் துளி இருந்தாலே மேக்ரோஃபேஜ் எம்1 ஆகிவிடும். சுத்திகரிக்காத ஆல்ஜினேட், மலிவான புரதம், ஆய்வகத் தண்ணீர் மூன்றிலும் அது வரும். கிருமி நீக்கியதாலேயே எண்டோடாக்சின் போய்விடாது. மருத்துவச் சாதனங்களுக்கு வழக்கமான உச்சவரம்பு ஒன்றுக்கு 20 எண்டோடாக்சின் அலகுகள். நோயெதிர்ப்பை அளக்கும் பரிசோதனையில் அதற்கும் கீழேயே இருக்கப் பாருங்கள். மருந்தில்லாத வெற்றுத் துகளை ஒப்பீட்டுக் குழுவாக வைக்காத பரிசோதனையை யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: ஜெல்லே உடம்புக்கு அந்நியப் பொருள்தானே? அதை நோயெதிர்ப்புச் செல்கள் சும்மா விடுமா?

விடாது. வைத்த எதையும் மேக்ரோஃபேஜ்கள் சூழும். விழுங்க முடியாவிட்டால் பல செல்கள் ஒன்றாக உருகி ராட்சதச் செல்லாகும், கடைசியில் நாருறை போர்த்தி ஒதுக்கிவிடும். உறைக்குள் மாட்டிக்கொண்ட கிடங்கிலிருந்து மருந்து வெளியே போவது குறையும்.

இதில் ஒரு முரண் உண்டு. மேக்ரோஃபேஜ்களை உருக்கி ராட்சதச் செல் ஆக்கும் சமிக்ஞைகளில் முக்கியமானதே இன்டர்லூகின்-4. ஆற்றுவதற்கு என்று கொடுக்கும் மருந்தே, கிடங்கைச் சுற்றிச் சுவர் எழுப்ப உதவக்கூடும். அதனால்தான் கிடங்கு சீக்கிரம் கரைந்து மறைவதாக இருப்பது நல்லது; லாக்டிக், கிளைகாலிக் பங்குகள் 50:50 விகிதத்தில் உள்ள பிஎல்ஜிஏ ஒன்றிரண்டு மாதத்தில் சிதையும், 85:15 என்றால் ஐந்தாறு மாதம். தசை ஆற அவ்வளவு காலம் வேண்டாம். துளைகளின் அளவும் பேசும்: 30 முதல் 40 மைக்ரோமீட்டர் சீரான துளைகள் உள்ள பொருளைச் சுற்றி நாருறை மெலிதாகவும் இரத்த நாளங்கள் அதிகமாகவும் அமைவதை விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள்.

கிடங்கே இல்லாத வழியும் உண்டு. 2018இல் பிஎன்ஏஎஸ் இதழில் வந்த எலி ஆய்வில், இன்டர்லூகின்-4ஐத் தங்க நுண்துகள்களில் பிணைத்துக் காயம்பட்ட தசைக்குள் செலுத்தினார்கள். எம்2 மேக்ரோஃபேஜ்கள் கூடின, தசை சுருங்கும் விசையும் மேம்பட்டது.

கேள்வி: தசை ஆறுகிறது, தசைநாண் மட்டும் ஏன் இழுத்தடிக்கிறது? என் தோள்பட்டை நாணைத் தைத்த பிறகும் மறுபடி கிழிந்துவிட்டது.

நாணில் செல்கள் குறைவு, இரத்த ஓட்டம் அதைவிடக் குறைவு. குதிகால் நாணில் எலும்புக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே உள்ள பகுதி வறண்ட பகுதி, அறுவதும் பெரும்பாலும் அங்கேதான். இன்னொரு வியப்பான செய்தி: அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14ஐ வைத்துக் கணக்கிட்டதில், குதிகால் நாணின் மையப் பகுதி சுமார் 17 வயதுக்குப் பிறகு ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2013இல் தெரியவந்தது. வளரும் வயதில் நெய்ததை வைத்துத்தான் ஆயுள் முழுக்க ஓட்டுகிறோம். காயத்துக்குப் பின் முதலில் வருவது ஒழுங்கில்லாத மூன்றாம் வகைக் கொலாஜன். அது முதல் வகையாக மாறி, இழுவிசைத் திசையில் வரிசைப்பட ஓராண்டுகூட ஆகும்.

தோள்பட்டையில் சிக்கல் இன்னும் கூடுதல். நாண் எலும்போடு சேரும் இடம் நான்கு அடுக்கு: நாண், மென்மையான நார்க்குருத்தெலும்பு, சுண்ணம் ஏறிய நார்க்குருத்தெலும்பு, எலும்பு. தைத்தபின் இந்த நான்கும் மறுபடி உருவாவதில்லை. தழும்பு ஒன்றே ஒட்டுப் போடுகிறது. மிகப் பெரிய கிழிசல்களை நுண்துளை அறுவையில் தைத்த 18 பேரை அல்ட்ராசவுண்டில் பார்த்து 2004இல் வெளியிட்ட ஆய்வில் 17 பேருக்கு மறுபடி கிழிந்திருந்தது. ஆனால் வலியும் அசைவும் பலருக்கு மேம்பட்டிருந்தன. ஆகவே ஸ்கேன் அறிக்கையைப் பார்த்து மட்டும் மனம் உடையாதீர்கள்.

நாண் அறுந்தபின் அதோடு இணைந்த தசையும் சுருங்கிக் கொழுப்பேறும். முன்பு சொன்ன எஃப்ஏபி செல்களே அந்தக் கொழுப்பின் ஊற்று. எம்ஆர்ஐயில் இதை கூட்டாலியர் அளவுகோலில் 0 முதல் 4 வரை தரப்படுத்துவார்கள். தசையைவிடக் கொழுப்பு மிகுந்த 4ஆம் தரத்தில் தையல் பிடிப்பது அரிது. அதனால் இங்கே மருந்துக் கிடங்கு ஒன்று போதாது. தையலிட்ட இடத்தில் ஒன்று, தசைக்குள் ஒன்று, இரண்டுக்கும் வேறு வேறு கால அட்டவணை வேண்டும். மறுஅறுவை பற்றி முடிவெடுக்கும் முன் உங்கள் மருத்துவரிடம் இந்தத் தரம் எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி: பிஆர்பி ஊசியும் இதே வகைதானா?

இல்லை. உங்கள் இரத்தத் தட்டணுக்களைச் செறிவாக்கிச் செலுத்துவது அது. உள்ளே நூற்றுக்கணக்கான புரதங்கள், ஆளுக்கு ஆள், கருவிக்குக் கருவி அளவு வேறு. கசிவுக்குக் கட்டுப்பாடும் இல்லை. நாட்பட்ட குதிகால் நாண் வலியில் 54 பேரை வைத்து 2010இலும், 240 பேரை வைத்து 2021இலும் ஜாமாவில் வந்த இரண்டு ஆய்வுகளிலும் அது போலி ஊசியை மிஞ்சவில்லை.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். கெண்டைக்கால் தசைக் கிழிசல் ஆற மறுக்கிறது. இந்த மருந்துகள் எனக்கு ஆகுமா?

சர்க்கரை கூடுதலாக இருக்கும்போது மேக்ரோஃபேஜ்கள் எம்1 போக்கிலேயே தங்கிவிடும், மாற்றம் தாமதமாகும். அந்த வகையில் நீங்கள் இம்முறையின் இலக்கு நோயாளிதான், ஆனால் தசைக் கிழிசலுக்கு இன்று மருந்தகத்தில் அப்படி ஒன்று இல்லை. எந்த மூட்டிலோ நாணிலோ ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் சில நாள் சர்க்கரை ஏறும். அந்த வாரம் அடிக்கடி அளந்து பாருங்கள். தோள்மூட்டு அறுவை திட்டமிட்டிருந்தால் முந்தைய ஒரு மாதத்துக்குள் அந்த ஊசியைத் தவிர்ப்பது நல்லது, தொற்று வாய்ப்பு கூடும். கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, வலி ஏறிக்கொண்டே போனால் கிழிசல் என்றே நினைத்துக்கொண்டிருக்காமல் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கவில்லை என்பதை உடனே பரிசோதித்து உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: மெதுவாகக் கசியும் ஊசி எதுவுமே இன்னும் மனிதருக்கு வரவில்லையா? "நோயெதிர்ப்பைச் சீராக்கும் எக்ஸோசோம் ஊசி" என்று விளம்பரம் பார்த்தேன்.

தொழில்நுட்பம் வந்துவிட்டது. 75:25 பிஎல்ஜிஏ நுண்கோளங்களில் 32 மில்லிகிராம் டிரையம்சினலோன் அடைத்த ஊசிக்கு 2017இல் அமெரிக்க எஃப்டிஏ ஒப்புதல் தந்தது. ஆனால் அது முழங்கால் மூட்டுத் தேய்மான வலிக்கு. மூட்டுக்குழிக்குள் போடுவது, நாணுக்குள் அல்ல. தசையையும் நாணையும் ஆற்ற மேக்ரோஃபேஜ்களைத் திருப்பும் கிடங்குகள் பெரும்பாலும் விலங்கு நிலையில்தான் இருக்கின்றன.

எக்ஸோசோம் (செல்கள் உதிர்க்கும் நுண்பைகள்) போல விளம்பரத்தில் வருபவற்றுக்கு மூன்று கேள்வி கேளுங்கள்: உள்ளே எந்த மருந்து, எத்தனை மைக்ரோகிராம்? எத்தனை நாள் கசியும், எங்கே அளந்தார்கள்? போலி ஊசியோடு ஒப்பிட்டு மனிதரில் சோதித்தார்களா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: மருந்து ஆற்றிவிட்டால் உடற்பயிற்சி தேவைப்படாதா?

தேவைப்படும். மேக்ரோஃபேஜைத் திருப்பலாம், கொலாஜனை உருவாக்கச் சொல்லலாம். எந்தத் திசையில் அடுக்குவது என்பதை இழுவிசைதான் சொல்லும். நாண் செல்கள் இழுவிசையை உணர்ந்தே இழைகளை வரிசைப்படுத்துகின்றன. அசையாமல் கட்டிவைத்த நாண் ஒழுங்கில்லாத தழும்பாகவும், சுற்றியுள்ள உறையோடு ஒட்டியும் ஆறும். கையின் மடக்கு நாணைத் தைத்தவர்களை ஒட்டாமலிருக்க முதல் வாரத்திலேயே கட்டுப்பாட்டோடு அசைக்கச் சொல்வது இதனால்தான்.

பெரிய தசை இழப்புக்கும் இதே விதிதான். பன்றியின் சிறுநீர்ப்பையிலிருந்து செல்களை நீக்கி எடுத்த சட்டகத்தை ஐந்து பேரின் காயத்தில் வைத்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்கு முன்பும் பின்பும் பிசியோதெரபி கட்டாயமாக இருந்தது. சட்டகமும் மேக்ரோஃபேஜ்களின் போக்கைத் திருப்புகிறது என்பது அதை ஆதரிப்பவர்களின் விளக்கம்.

அறுவைத் தையலோ கிழிசலோ இல்லாத, நடுப்பகுதியில் வலிக்கும் நாட்பட்ட குதிகால் நாணுக்கு 1998இல் ஆல்ஃபிரெட்சன் என்ற மருத்துவர் வகுத்த பயிற்சி இன்றும் பயன்படுகிறது. படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, வலியுள்ள காலால் குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். மேலே ஏற மற்றக் காலைப் பயன்படுத்த வேண்டும். முழங்கால் நேராக 15 தடவை வீதம் மூன்று சுற்று, முழங்கால் மடக்கி மூன்று சுற்று. காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, 12 வாரம். நாளுக்கு 180 தடவை ஆகிறது. செய்யும்போது ஓரளவு வலித்தால் தொடரலாம். மறுநாள் காலை எழுந்து வைக்கும் முதல் அடிகளில் வலியும் விறைப்பும் முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். வலி நாணின் நடுவே இல்லாமல் குதி எலும்போடு சேரும் இடத்தில் என்றால் படி விளிம்பு வேண்டாம், சமதரையிலேயே செய்யுங்கள். குதி முன்பாத மட்டத்துக்குக் கீழே இறங்கினால் அந்த இடத்தில் நாண் எலும்போடு அழுந்தும்.